தென்கிழக்கு மூலைத் தேங்காய்

பவுனம்மாளுக்கு நான் பர்மாப் பணத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் சாட் கூலிப் பாக்கி வைத்திருந்தேன். பதினைந்து நாள் கூலி. கையில் இல்லாமல் வைத்த பாக்கி இல்லை. கொடுக்க மனசில்லாமல் வைத்தது.

அவளைப் பற்றி எழுதுமுன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரங்கூனில் பபேடான் பேட்டையில் ஒரு ரொட்டிக் கடையில் தட்டு கழுவியவன். இன்றைக்குத் தாகேதாவில் சொந்த வீடு, பின்கட்டில் சொந்தக் கரி அடுப்பு. கரண்டு போனால் ரங்கூனில் பாதி பேக்கரி படுத்துவிடும், சபாபதியின் அடுப்பு படுக்காது. கையை உள்ளே நீட்டி ஏழு எண்ணினால் போதும், பதம் தெரிந்துவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பவுனம்மாள் என்னிடம் பதினோரு வருஷமாக இருக்கிறாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். புருஷன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், செத்துப்போனான். இவள் இடதுகைக்காரி. தேங்காய் துருவுவது, முடிச்சுப் போடுவது, விபூதி எடுப்பது எல்லாம் இடதுகைதான். கோயில் ஐயர் ஒருநாள் கண்டித்ததற்கு, "வலது கை தூங்குது சாமி, எழுப்பிவிடவா?" என்று கேட்டவள். தெருவில் பர்மாக்காரர்கள் மரியாதையாக டோ பவுன் என்பார்கள். என்னைச் சும்மா சபாபதி என்றுதான் சொல்வார்கள், அது வேறு கதை.

இந்த வீட்டை ஒரு பர்மியக் குடும்பத்திடம் வாங்கினேன். தென்கிழக்கு மூலைத் தூணில் சிவப்புத் துணி கட்டிய தேங்காய் ஒன்று தொங்கியது. அது அவர்களுடைய வீட்டுக் காவல் தெய்வத்துக்கு. நாட் என்பார்கள். நான் கழற்றப் போனேன். பவுனம்மாள்தான் தடுத்தாள். "நமக்கு முந்தி குடி வந்தவரு மொதலாளி. அவரு பாட்டுக்கு இருக்கட்டும்." அதிலிருந்து வருஷா வருஷம் தடின்ஜுட் விளக்குப் பண்டிகைக்குப் பழையதை இறக்கி ஓடையில் விட்டுவிட்டு, புதுசு கட்டுவது அவள் பொறுப்பு.

புரட்டாசியில் எனக்கு ஒரு தனிப் பிஸ்கட் உண்டு. ஏகாதசிக்கு அரிசி, கோதுமை ஆகாது. விரதக்காரர்களில் சிலருக்குப் பால், நெய்யும் ஆகாது. நான் தேங்காய் மாவு, முந்திரி, மரவள்ளி மாவு, பனைவெல்லம், தேங்காய் எண்ணெய் சேர்த்து ஒரு பிஸ்கட் கண்டுபிடித்தேன். ஆமாம், கண்டுபிடித்தேன். தின்கன்ஜூனில் இருக்கும் ரேவதி டீச்சர், "இதைத்தான் மாமா வெளிநாட்டுல வீகன்னு சொல்லி பத்து மடங்கு விலைக்கு விக்கிறாங்க" என்றாள். இந்த வருஷம் ஏகாதசி விரதக்காரர்களுக்குக் கொடுக்க நாற்பது டப்பா கேட்டாள். அவள் மகள் இருக்கும் ஊரில் இது இலை உதிர்கிற காலமாம். "இலை மாதிரி வெட்டிப் போடுங்க மாமா. நம்ம ஊர்ல மழைதான் உதிருது, பிஸ்கட்டாவது இலையா இருக்கட்டும்."

சுடவேண்டிய நாளில் பவுனம்மாளுக்குக் காய்ச்சல். மாவு பிசைந்தேன், கடைசித் தட்டுக்குத் தேங்காய் மாவு போதவில்லை. சந்தையில் காய் விலை நெருப்பு. நிமிர்ந்து பார்த்தேன், மூலையில் அது தொங்கியது. ஆட்டினேன். தண்ணீர்ச் சத்தம் இல்லை, உள்ளே நல்ல கொப்பரை. வியாபாரிக்குக் கொப்பரை கொப்பரைதான். உடைத்து, துருவி, அரைத்து, எல்லா மாவோடும் கலந்துவிட்டேன். வெறும் ஓடு இரண்டையும் ஒட்டவைத்து, அதே சிவப்புத் துணியால் கட்டித் தொங்கவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் காலையில் பவுனம்மாள் வந்து டப்பாவில் அடுக்க உட்கார்ந்தாள். ஒரு பிஸ்கட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"எப்ப சுட்டீங்க?"

"நேத்து மத்தியானம்."

"இன்னும் ஆறலையே மொதலாளி."

தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது மாதிரி சுட்டது. தட்டு ஜில்லென்று இருந்தது, அதன் மேலிருந்த பிஸ்கட் மட்டும் சுட்டது. மழைக்காலப் புழுக்கம் என்று சொல்லி அடுக்கச் சொன்னேன். அவள் துணியால் பிடித்துப் பிடித்து அடுக்கினாள்.

ஏகாதசியன்று ரேவதி டீச்சர் போனில் கூப்பிட்டாள். மெதுவாகத்தான் பேசினாள். "மாமா, டப்பா எல்லாம் சுடுது. மூடிக்குள்ள வேர்த்திருக்கு. முடி கருகுற வாசம் வருது. யாரும் கை வைக்க மாட்டேங்கறாங்க. திருப்பி அனுப்பறேன்."

நாற்பது டப்பாவும் திரும்பி வந்தன. என் ஐம்பது வருஷத்தில் ஒரு டப்பா திரும்பியதில்லை. தெருவே பார்க்க, பவுனம்மாளைத்தான் பேசினேன். ஆறாத பண்டத்தை மூடினவள் அவள், நஷ்டத்துக்குக் கூலி சரியாகிவிட்டது என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. "பௌர்ணமிக்குள்ள வாடகை குடுக்கலைன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய கூலியை எண்ணி இரும்புப் பெட்டியில் தனியாக வைத்தேன். நியாயம் என் பக்கம் என்றால் ஏன் தனியாக வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

அடுப்பை அணைத்துச் சாம்பலையும் வாரிவிட்டேன். இரண்டு நாளாகியும் பின்கட்டுச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. பட்டப்பகலில், வெளியே மழை கொட்டும்போது, டப்பாக்கள் இருந்த பக்கம் ஈரம் பிடிக்கவில்லை. தினமும் அடுப்போரம் படுக்கும் பூனை வாசலோடு நின்று என் தலைக்கு மேலே எதையோ பார்த்தது. கரண்டு போய் மின்விசிறி நின்ற நேரத்தில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது கேட்டது. சூடு பட்டவன் விடுகிற மூச்சு. எனக்கு அது தெரியும், அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டே வளர்ந்தவன். பயந்தேன் என்று எழுத மாட்டேன். பெட்டியைத் திறந்து நோட்டைத் தொட்டேன். அதுவும் சுட்டது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் உச்சிவேளையில் பவுனம்மாள் வந்தாள். கூலி கேட்கத்தான் வந்தாள். வாசல்படியிலேயே நின்று மூலையைப் பார்த்தாள்.

"அந்த முடிச்சை யாரு போட்டது?"

நான் கணக்கு நோட்டைப் புரட்டினேன்.

"நான் இடப்பக்கம் சுத்திப் போடுவேன். இது வலப்பக்கம் இருக்கு."

ஸ்டூலில் ஏறித் துணியை அவிழ்த்தாள். ஓடு இரண்டாகப் பிரிந்தது. நான் சுரண்டும்போது வெள்ளையாக இருந்த உட்புறம் கரியாகிக் கிடந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "மாவு போதலை. உன் மேல பழி போட்டேன்."

அவள் கரியான உட்புறத்தை விரலால் தடவினாள். "இந்த மூலையில இருக்கறவரு யாருன்னு தெரியுமா மொதலாளி? கொல்லரு. ராஜா நெருப்புல போட்டுக் கொன்னுட்டாரு. அந்த எரிச்சல் ஆறத்தான் தேங்காய் கட்டறது. அதைக் கொண்டுபோய் மறுபடி அடுப்புல வச்சிருக்கீங்க. டப்பா அத்தனையும் ஓடையில கொண்டுபோய் விடணும்."

அறுபத்தெட்டு வயசில், இந்த வீட்டில் முதல் தடவையாக நான் இன்னொருவர் சொன்ன வேலையைச் செய்தேன். நாற்பது டப்பாவையும் தள்ளுவண்டியில் ஏற்றிப் பசுண்டாங் ஓடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பிஸ்கட்டைக் கொட்டியபோது தண்ணீர் உஸ்ஸென்றது. பவுனம்மாள் தேங்காய் ஓடு இரண்டையும் கடைசியாக ஓடையில் விட்டாள். வீட்டுக்கு வந்து, தண்ணீர் தளும்பும் புதுத் தேங்காயை அவள் கட்டினாள், இடப்பக்க முடிச்சு. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். தலைக்கு மேல் யாரோ நீளமாக மூச்சை விட்டது மாதிரி இருந்தது. பூனை உள்ளே வந்தது.

பெட்டியைத் திறந்தேன். அவள் இடது கையை நீட்டினாள். பத்தாயிரம் சாட் நோட்டுகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தேன். முதல் நோட்டு இன்னும் சுட்டது, அவள் கையை இழுக்கவில்லை. பத்தாவது வெதுவெதுப்பாக இருந்தது. பதினெட்டாவதை அவள் உள்ளங்கையில் வைத்தபோது, அது மழையில் நனைந்த இலை மாதிரி ஜில்லென்று இருந்தது.