குழி வெட்டாத தர்விஸ்

பாயாகெராங் கிராமத்தில் தர்விஸைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர் என்ன செய்தார் என்பதிலிருந்து ஆரம்பிப்பதில்லை. அப்படி ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். அவர் என்ன செய்யவில்லை என்பதில்தான் ஆரம்பிப்பார்கள். தம் ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையில் தர்விஸ் ஒரு குப்பைக்குழிகூட வெட்டியதில்லை.

இதன் கனம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சுமத்ராவின் அந்தச் சதுப்பு ஓரத்துக் கிராமத்தில் குப்பைக்குழி என்பது குடும்ப மானம். கொல்லையில் இடுப்பளவுக்கு ஒரு குழி. அது நிரம்பியதும் கொளுத்தி, மண்ணள்ளி மூடி, பக்கத்திலேயே இன்னொன்று. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடக் கொல்லைப் பக்கம் போய்க் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் காபியைக் கையில் வாங்குவார்கள். பக்கத்து வீட்டு மிஸ்னான் நாற்பது வருடத்தில் முப்பத்தொரு குழி வெட்டியவர். பள்ளிவாசலில் அவருக்கு முன்வரிசையில் இடம் இருந்ததற்கு இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

தர்விஸின் வீடு மரக்கால்கள்மேல் நிற்கும் வீடு. அடுப்படி ஜன்னல் சதுப்பைப் பார்த்திருந்தது. அந்த ஜன்னல் வழியாக அவருடைய தாத்தா வீசினார், அப்பா வீசினார், பிறகு தர்விஸ் வீசினார். நண்டு ஓடு, மீன் முள், தேங்காய் மட்டை, உடைந்த தட்டு எல்லாம் ஒரே வழியில் போயின. கேட்டால், "கடல் வந்து எடுத்துக்கும்" என்பார். தாத்தா காலத்திலேயே கடல் ஒன்றரைக் கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது. மூன்று தலைமுறையாக அது வந்து எடுத்துக்கொள்ளவில்லை என்பதை வீட்டில் யாரும் ஒரு குறையாகக் கருதவில்லை.

தொழில், நண்டு பிடிப்பது. நீர் வடியும்போது சதுப்புக் காட்டுக்குள் போய்க் கூடுகளை வைப்பார், ஏறும்போது எடுத்துவருவார். மிச்ச நேரத்தில் போவதைப் பற்றி யோசிப்பார்.

அவருடைய மனைவி மைமுனா படகுத்துறையில் காலைப் பலகாரம் விற்பவர். வாழையிலையில் சுற்றி வேகவைத்த சோற்றுக்கட்டியும் தேங்காய்ப்பால் குழம்பும் எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். கல்யாணமான முதல் வாரமே அவர் ஒரு குப்பைக்குழி கேட்டார். தர்விஸ் "நாளைக்கு" என்றார். இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. இந்த வருடம் ஒரு பிற்பகலில் குப்பைமேட்டிலிருந்து ஓர் உடும்பு படியேறி அடுப்படிக்குள் வந்து, சொந்தக்காரன் மாதிரி குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தது. மைமுனா அகப்பையைக் கீழே வைத்தார், பெட்டியைக் கட்டினார். அண்ணனையும் கணவனையும் அங்கே 'அபாங்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பெலாவான்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன், அபாங். குழி வெட்டினதுக்கப்புறம் சொல்லி அனுப்புங்க. வெட்டப் போறேன்னு சொல்லி அனுப்பாதீங்க."

"உடும்புக்காகவா, மை, புருஷன விட்டுட்டுப் போற?"

"உடும்பாவது படியேறி வந்துச்சு. நீங்க ஜன்னலை விட்டு நகரவே இல்லையே."

மூன்று வாரம் ஆயிற்று. எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் தர்விஸ், "ராஜா மாதிரி சாப்பிடறேன்" என்று சொல்லி அனுப்பினார். அந்தச் செய்தி பெலாவானுக்கும் போய்ச் சேர்ந்தது. மைமுனாவிடமிருந்து பதில் வரவில்லை.

இதே மூன்று வாரமாகக் கிராமத்தில் தொல்லியல்காரர்கள் இருந்தார்கள். அந்த மண்ணுக்கடியில் எண்ணூறு தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய துறைமுகம் ஒன்று கிடப்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். மண்வெட்டியைப் போட்டால் சீனத்துக் கிண்ணத்தின் அடிப்பாகம் தட்டுப்படும். எடுத்துக் கோழிக்குத் தண்ணீர் வைப்பார்கள். அகழாய்வுக் குழுவின் தலைவி தியூர் சிலாலாஹி மலைநாட்டுப் பத்தாக்கு இனப் பெண்மணி. மெதுவாகப் பேசினாலே நான்கு கொல்லை தாண்டிக் கேட்கும். அந்தப் பக்கத்தில் மரியாதைக்குப் பெண்களை 'இபு', அம்மா, என்றும் பெரியவர்களைப் 'பாக்', ஐயா, என்றும் அழைப்பார்கள்.

ஊரிலேயே சுத்தமான ஐந்து கொல்லைகளை அவர் முதலில் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் தப்பு நடந்தது. சுத்தமான கொல்லை என்றால் முப்பது குழி வெட்டிய கொல்லை. மிஸ்னான் வீட்டில் அரை மீட்டர் ஆழத்தில் அழகான பச்சைப் பீங்கான் சில்லு கிடைத்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். ஒரு மீட்டரில் நீல நிறப் பிளாஸ்டிக் செருப்பு கிடைத்தது, இடது கால். கைதட்டல் நின்றது.

"பாக் மிஸ்னான், இது யாரோட செருப்பு?"

"அட, இதைத்தானே பத்து வருஷமா தேடினேன்!" என்று மிஸ்னான் அதை வாங்கி உதறிக்கொண்டார்.

ஐந்து கொல்லையிலும் இதே கதை. தொள்ளாயிரம் வருடச் சரித்திரத்தை இந்த ஊர் ஒழுங்காகக் கிண்டி, புரட்டி, கொளுத்தி, மூடி வைத்திருந்தது. இபு தியூர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அந்தக் காலையில்தான், வேலிக்கு அந்தப் பக்கம், மிஸ்னானிடமே இரவல் வாங்கிய மண்வெட்டியோடு தர்விஸ் தம் கொல்லையில் இறங்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக மண்வெட்டியைத் தலைக்குமேல் ஓங்கினார்.

"நிறுத்துங்க!"

மண்வெட்டி அந்தரத்தில் நின்றது. தர்விஸுக்கு இப்படி யாராவது சொல்லமாட்டார்களா என்று இருபத்தாறு வருட ஏக்கம். ஆனால் இன்றைக்குப் பார்த்தா?

வேலியைத் தாண்டி வந்த தியூர் மூச்சு வாங்கினார். "அபாங், இந்த இடத்துல எப்பவாவது குழி வெட்டியிருக்கீங்களா? உண்மையச் சொல்லுங்க."

தர்விஸ் தலை குனிந்தார். "இல்ல, இபு."

"உங்க அப்பா?"

"இல்ல."

"தாத்தா?"

"அவரு எங்கள எல்லாம் தூக்கிச் சாப்பிட்டவரு."

"கடவுளே!" என்று தியூர் கத்தியதில் கோழிகள் சிதறின. "பாக் மிஸ்னான், பாருங்க! இந்த ஊர்லயே பொறுப்பான மனுஷன் இவரு ஒருத்தர்தான்!"

மிஸ்னானுக்கு அன்று பூராவும் நெஞ்சு எரிந்தது.

தியூர் பையிலிருந்து தாளும் முத்திரையும் எடுத்து, அகழாய்வுக் குழுவைத் தவிர யாரும் இந்தக் கொல்லையில் ஒரு பிடி மண்கூட வெட்டக்கூடாது என்று எழுதி, நீல மையில் குத்திக் கொடுத்தார். தர்விஸ் அதை மூன்று தடவை படித்தார். முதல் தடவை சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை மைமுனாவின் முகம் வந்தது. வெட்டாவிட்டால் அவள் வரமாட்டாள். வெட்டினால் அரசாங்கம் வரும். சட்டையை மாற்றிக்கொண்டு பெலாவானுக்கு மோட்டார் ரிக்‌ஷா ஏறினார்.

மைமுனா கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த முத்திரைய எந்தக் கடையில குத்தினீங்க?"

"அசல் முத்திரை, மை! நான் வெட்டத்தான் போனேன். மண்வெட்டி தலைக்குமேல இருந்துச்சு."

"கீழ வந்துச்சா?"

"வர விடலையே!"

"குழி வெட்டாம இருக்க அரசாங்கத்துலயே உத்தரவு வாங்கிட்டு வந்த ஒரே ஆம்பள நீங்கதான்" என்று சொல்லிவிட்டு மைமுனா உள்ளே போனார். ஆனால் மறுநாள் காலை, இந்த மோசடியை நேரில் பார்த்துவிடுவது என்று, பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு வந்து இறங்கினார்.

அடுப்படி ஜன்னலுக்கு நேர்கீழே கயிறு கட்டியிருந்தது. எட்டு மாணவர்கள் முழங்காலிட்டு, அவருடைய குப்பையைத் தூரிகையால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். நண்டு ஓடு தனிப் பை, மீன் முள் தனிப் பை, ஒவ்வொன்றிலும் சீட்டு.

"வாங்க இபு, உங்களத்தான் தேடிட்டிருந்தேன்" என்று தியூர் சேவல் படம் போட்ட தட்டின் பாதியை நீட்டினார். "இது எந்த வருஷத்துதுன்னு தெரிஞ்சா மேல் மண்ணடுக்குக்கு வயசுக் கணக்கு கிடைக்கும்."

"இது நான் வீசினது. எங்க மூத்த மக பொறந்த வருஷம். எனக்கு வலி எடுத்தப்ப இவரு நண்டுக்கூடு எடுக்கப் போயிட்டாரு."

"அன்னிக்கு நீரேத்தம், மை…"

"குறிச்சுக்கப்பா" என்றார் தியூர் மாணவனிடம். "இந்தத் தேநீர்ச் சட்டி மூடி?"

"இது அவரு வீசினது. என் மேல இல்ல, ஜன்னல் மேல. குறி வச்சது எதுன்னு அவரத்தான் கேக்கணும்."

அந்தக் கல்யாணம் அடுக்கடுக்காக மேலே வந்தது. மாணவர்கள் எண் போட்டார்கள். கடைசியில் ஒருவன் மேலடுக்கின் மேலடுக்கிலிருந்து வந்த பையை எடுத்து, சீட்டை ராகம் போட்டு வாசித்தான்: "கடந்த மூணு வாரம். முட்டை ஓடு. நூடுல்ஸ் பொட்டலம் நாப்பத்தொண்ணு. நண்டு ஓடு இல்லை. மீன் முள் இல்லை."

மைமுனா அந்தப் பையை வாங்கி உள்ளே பார்த்தார்.

"ராஜா மாதிரி சாப்பிடறதா சொன்னாங்க."

தர்விஸ் சதுப்புக் காட்டை ஆராய்ந்தார். அதில் ஏதோ புது மரம் முளைத்திருந்தாற்போல் தெரிந்தது.

"நண்டு பிடிச்சீங்கதானே?"

"வித்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒத்த ஆளுக்கு யாரு நண்டு வேகவச்சுக்கிட்டு…" என்று அவர் மரத்தைப் பார்த்தே சொன்னார்.

மைமுனா பையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பெலாவானுக்குத் திரும்பும் பத்தரை மணி ரிக்‌ஷா வாசலில் இரண்டு முறை ஊதிவிட்டுப் போனது, அவர் ஏறவில்லை.

மத்தியானத்துக்குள் தாத்தாவின் குப்பை முடிந்து, ஒரு சாண் வெறும் சேறு வந்து, அதற்கும் கீழே பழைய துறைமுகம் வந்தது. செருப்பு எதுவும் கலக்காத, அசல் துறைமுகம். சீனத்துப் பச்சைச் சில்லு, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த சிவப்புப் பானை ஓடு, ஈரத்தில் அழுகாமல் கிடந்த வீட்டு மரக்கால் ஒன்று. காலுக்குச் சதுப்புப் பக்கமாக மட்டும் நண்டு ஓடும் மீன் முள்ளும் முழங்கால் உயரத்துக்கு.

"பின் ஜன்னல் வழியா வீசியிருக்காங்க" என்றார் தியூர். "குறைஞ்சது இருநூறு வருஷம். ஒரு குழிகூட வெட்டல!"

தர்விஸ் முதுகை நிமிர்த்தினார். "கேட்டியா மை? இது இந்த இடத்தோட பழக்கம். நான் நடுவுல வந்தவன்."

"அந்த ஊரு இப்ப எங்க, இபு?" என்று மைமுனா தியூரைக் கேட்டார்.

"அது… போயிடுச்சு. ஆத்து வாய் தூர்ந்துபோய்க் கப்பல் வர முடியல."

"தூர்ந்து போச்சு" என்று மைமுனா கணவனைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். ஒரு துறைமுகத்தின் அழிவுக்கே பதில் சொல்லவேண்டியவர் போலத் தர்விஸ் மறுபடியும் கூனிக்கொண்டார்.

"சரி, பாத்தாச்சு. எல்லாம் அருமையான குப்பைதான்" என்று மைமுனா கைலியைத் தட்டிக்கொண்டார். "ஆனா குழி இல்லாத வீட்டுல நான் இருக்க மாட்டேன். நாலு மணிக்கு ஒரு ரிக்‌ஷா இருக்கு."

தியூர் படித்தவர். மைமுனா அந்த ரிக்‌ஷாவில் ஏறினால், தர்விஸ் மறுபடி மண்வெட்டியை ஓங்குவார், தன் நீல முத்திரை ஐந்து மணிவரைகூடத் தாங்காது என்பது உடனே புரிந்தது. மைமுனாவின் கையைப் பிடித்து வேலி ஓரத்துக்கு அழைத்துப் போனார். மிஸ்னான் கொல்லையில் அவர்கள் வெட்டிய பள்ளம் அப்படியே கிடந்தது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், நூல் பிடித்த ஓரம், கத்தியால் சீவியதுபோல் சுவர்.

"இதுல எடுக்க வேண்டியது எல்லாம் எடுத்தாச்சு. நாளைக்கு மூடறதா இருந்தோம். அடியில யாரும் தொடாத கன்னி மண்ணுதான்."

மைமுனா குனிந்து நாலு மூலையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இப்படி ஒரு குழிய நான் பாத்ததே இல்ல."

"என் கொல்லையில இவன் குப்பையா?" மிஸ்னான் ஓடிவந்தார். "நாற்பது வருஷமா நான் கட்டிக் காத்த கொல்லை இது!"

"வெள்ளிக்கிழமைதோறும் உங்க வீட்டுக்குக் காலைப் பலகாரம் என் பொறுப்பு, பாக். குழம்போட."

மிஸ்னான் தன் கொள்கையைப் பற்றி அரை நிமிடம் யோசித்தார். "முட்டையும் வைப்பியா?"

"வைப்பேன்."

பெட்டியை எடுத்துவரத் தங்கச்சி வீட்டுக்கு ஆள் போயிற்று. மைமுனா படியேறி அடுப்படியைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், பிறகு ஒரு கூடை நிறைய முட்டை ஓட்டோடு வெளியே வந்து கணவனிடம் நீட்டினார். தர்விஸ் வேலிவரை உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தார். முப்பது அடி இருக்கும். வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டு, கூடையைத் தூக்கினார். வழியில் இரண்டு இடத்தில் இளைப்பாறினார்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நண்டு வெந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது, எப்போதும் ஜன்னலோரம் இருக்கும் தர்விஸின் பாயை மைமுனா சுவரோரம் தள்ளிப் போட்டார். ஜன்னலுக்கு முன்னால் தான் உட்கார்ந்து, பெரிய நண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தார்.