ஜவுளித் துறையில் ஒரு பங்குதாரர்

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் நான். கடனுக்கும் பங்கு மூலதனத்துக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியிருக்கிறேன். ஆயினும் ஓய்வு பெறும்வரை எந்தத் தொழிலிலும் ஒரு பங்கும் வாங்கியவனல்லன். அக்குறையை என் மனைவி தீர்த்துவைத்தாள். கிழக்குத் தாம்பரத்தில் அவள் திறக்க விரும்பியது நைட்டிக் கடை.

சிறுதொழில் தொடங்குவோருக்கு அரசு மானியத்துடன் வங்கிக் கடன் தரும் திட்டம் ஒன்று உண்டு. முதலில் ஒரு பகுதியை நடத்துபவரே போட வேண்டும். அத்தொகையைக் கைமாற்றாகத் தருகிறேன், என் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம் என்றேன்.

"கைமாத்தும் கடன்தாங்க. சொந்த முதல்னு பேங்க்ல ஒத்துக்க மாட்டாங்க. பார்ட்னரா போடுங்க. லாபம் வந்தா பாதி பாதி. வரலன்னா ரெண்டு பேரும் ஆயுசுக்கும் நைட்டி போட்டுக்கலாம்."

நான் நடத்திய பாடத்தை எனக்கே நடத்தினாள். கையெழுத்திட்டேன்.

காலை நடையில் உடன்வரும் நண்பர்களிடம், ஜவுளித் துறையில் சிறிது முதலீடு செய்திருப்பதாகத் தெரிவித்தேன். அது பொய்யன்று. அவர்களுள் ஒருவரான எங்கள் திருச்சபைக் குழுவின் செயலாளர், "திருப்பூரா சார்? எக்ஸ்போர்ட்டா?" என்று மரியாதையுடன் வினவினார். நான் மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை. வானிலையைப் பற்றிப் பேசினேன்.

பல நடை நடந்து மனைவி கடனுக்கு ஒப்புதல் பெற்றாள். ஒரு படிதான் மிச்சம். வங்கியிலிருந்து வந்து கடையைப் பார்ப்பார்கள். பங்குதாரர் இருவரும் கடை வாசலில் நின்று படமெடுத்துக்கொள்ள வேண்டும். படம் இல்லையேல் பணம் இல்லை.

எங்கள் பங்குப் பணத்தில் வாங்கிய சரக்கு வாசலெங்கும் தொங்கியது. நான் முழுக்கைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து ஓரமாக நின்றேன். வங்கி அதிகாரி என் மகள் வயதுப் பெண்.

"சார், நீங்க காலேஜ் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் மாதிரி இருக்கீங்க. நடுவுல வாங்க. கையில ஒரு ஸ்டாக் புடிங்க."

"ஓரமாக நின்றால் போதாதா அம்மா?"

"ஒதுங்கி நின்னா எங்க மேனேஜர் உங்கள பினாமின்னுவாரு, சார்."

மனைவி மயில்கழுத்து நிறத்தில், கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த நைட்டி ஒன்றை நீட்டினாள். அதே நேரம் எதிர்ச்சாரியில், கீரைக்கட்டு எட்டிப்பார்க்கும் பையுடன் செயலாளர் நின்றிருந்தார். கடைக்குள் போய்விட எனக்கு இரண்டே அடி. மனைவி கேமராவைப் பார்த்தபடி, உதடு அசையாமல், "போயிடாதீங்க" என்றாள். சிரித்துக்கொண்டிருந்த முகத்தில் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

நைட்டியை மார்போடு வைத்து, சுருக்கு நன்றாகத் தெரியும்படி விரித்துப் பிடித்தேன். படம் எடுத்தாயிற்று.

செயலாளர் சாலையைக் கடந்து வந்தார். "இதான் அந்த ஜவுளித் துறையா, சார்?"

"ஆம்," என்றேன். "சில்லறைப் பிரிவு."

அவர் சிரிப்பாரென்று காத்திருந்தேன். அவரோ இருபுறமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதே கலர்ல பாக்கெட் வெச்சது இருக்கா? வீட்ல ரொம்ப நாளா கேக்கறாங்க. நானெல்லாம் எப்படி நைட்டிக் கடையில போய் நிக்கறது, சொல்லுங்க."

இருந்தது. எங்கள் முதல் விற்பனையை நானே செய்தேன். வெளியே தெரியாதபடி செய்தித்தாளில் சுற்றி, கீரைக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன். அப்படி மறைத்துக் கட்டுவதில் எனக்குச் சில மாத அனுபவம் இருந்தது.