ஊசி நின்ற இடம்

இந்தி புழங்கும் கோந்த்வாப் பகுதியில் ஹாஜிராவின் வீட்டில் உறை போடாத சாமான் கிடையாது. மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, தண்ணீர் கேனுக்குக்கூடப் பூப்போட்ட உறை. எதிரே கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது, தூசிக்கு வேறு என்னதான் செய்வாள்? எம்பிராய்டரி மெஷினை ஓட்டும் பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் ஜரிகை வைத்த வெல்வெட் உறை. சோறு போடுகிற சாமான் ஆயிற்றே.

அந்தக் கம்ப்யூட்டர்தான் ஒரு வாரமாக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. நினைத்தால் ஓடும், நினைத்தால் அணையும். அணைந்தால் மெஷின் ஊசி துணியில் குத்தியபடியே நின்றுவிடும். திரும்பத் தொடங்கும்போது ஒரு நூல் விலகினாலும் துணி கிழிந்துவிடும்.

இப்போது ஊசிக்குக் கீழே கிடந்தது ப்ரீதியின் அம்மா தன் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு. அந்த அம்மா இன்று இல்லை. கராடியில் வேலை பார்க்கும் ப்ரீதிக்கு நாளை கல்யாணம், இன்று சாயந்திரம் சேலை வாங்க வருகிறாள். முந்தானையில் பூக்கொடி பாதிதான் ஏறியிருந்தது.

ரிப்பேர்காரர் கேஷவ் மறுபடியும் வந்து ஒயர்களைக் கழற்றி மாட்டினார். அவர் சாயா குடித்து முடிக்கும்வரை சனியன் பிடித்தது சமர்த்தாக ஓடியது. "சப் டீக் ஹை, பாபி", எல்லாம் சரியாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

"உம்மா, ஃபிர் சே பந்த்! மறுபடி அணைஞ்சிடுச்சு!" என்று மகள் புஷ்ரா கத்தினாள்.

கணவர் யூசுஃப் எட்டிப் பார்த்தார். "சேலையத் திருப்பிக் குடுத்துரு. கிழிஞ்சிட்டுன்னா அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவ?"

"பாதிக் கொடியோட எப்படிங்க குடுக்க?" என்று சீறியவள், ஆத்திரத்தில் உறையோடு சேர்த்துக் கம்ப்யூட்டரை ஓங்கி அறைந்தாள். உள்ளங்கை சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலக் கொதித்தது பெட்டி.

கேஷவ் வரும்போதெல்லாம், அவர் கை அழுக்குப் பட்டுவிடும் என்று உறையைக் கழற்றி பீரோவில் வைப்பாள். அவர் படியிறங்கியதும் மாட்டிவிடுவாள். தலையோடு கால் போர்த்திவிட்டால் காற்று எங்கிருந்து போகும்? "படுபாவி, நாந்தானா!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

உறையை உருவித் தரையில் எறிந்தாள். பெட்டி ஆறும்வரை காத்திருந்து, பட்டுத் துணியை இழுத்துப் பிடித்து, நின்ற புள்ளியிலேயே ஊசியை இறக்கினாள். கிழியவில்லை. கொடி மெல்ல ஏறியது.

கடைசி இலைக்கு வந்தபோது அழைப்பு மணி. ஆள் வந்தால் வீட்டைச் சரிபண்ண வேண்டும் என்று பழக்கியதே ஹாஜிராதான். புஷ்ரா ஓடிவந்து உறையை எடுத்துப் பெட்டியில் கவிழ்த்தாள். ஹாஜிராவால் துணியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

"எடுளா அத! எடு!"

அவள் போட்ட சத்தத்தில் புஷ்ரா அழுதுவிட்டாள், ஆனால் உறையை இழுத்துவிட்டாள். இலை முடிந்தது. ஊசி தானாக மேலே ஏறி நின்றது. ஹாஜிரா நூலை அறுத்தாள்.

புஷ்ரா கதவைத் திறக்க, ப்ரீதி உள்ளே வந்தாள். சேலையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள்.

"ஆன்ட்டி, எங்கம்மா மாதிரி இருக்கேனா?"

ஹாஜிரா அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை.

"அப்படியே இருக்கம்மா" என்றாள்.