சொர்ணம் என் வலப்பக்கம் உட்கார்ந்தாள்

சொர்ணம் பாட்டுக் கச்சேரியில் இறக்கவில்லை. ஒரு மாதமாக இதை நேரில் பலருக்குச் சொல்லிவிட்டேன்; இப்போது எழுத்திலும் சொல்கிறேன். பொருட்காட்சி மைதானத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அடியிலேயே சாய்ந்துவிட்டாள் என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டில் தொலைக்காட்சியை அலறவிட்டு அந்த அதிர்ச்சியில் போனாள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. அவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, பாளையங்கோட்டையில் தன் வீட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தாள். எதிரே தொலைக்காட்சியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் சத்தம் முழுக்கக் குறைக்கப்பட்டிருந்தது. அது அவள் வழக்கம்.

செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் தெருவுக்குக் கேபிள் இணைப்புக் கொடுக்கும் செல்லையா. சைக்கிளை நிறுத்தாமல் கையில் பிடித்தபடியே வாசலில் நின்றார்.

"பெரியம்மா, ஒங்க சேக்காளி போயிட்டாவ."

"எங்க போயிட்டா? சாயங்காலம் என்கூடப் பல் டாக்டர்ட்ட வாரேன்னாளே?" என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்த மலர் ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய ஊழியர்களுடையது. நான் உங்கள் துறையில் வேலை பார்த்தவள் அல்ல. உங்களில் பலர் முப்பது ஆண்டுகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்தவர்கள். எனக்கு அவளை ஆறு ஆண்டுகள்தான் தெரியும். என்னைவிட ஏழு வயது இளையவள் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்களைச் சேர்த்துவைத்தது கேபிள் கம்பி. அவள் வீட்டுக்குப் போகும் கம்பி என் வீட்டு மாடி வழியாகத்தான் போக வேண்டும் என்று செல்லையா சொன்னதால், அனுமதி கேட்க வந்தாள். அப்போது என் தொலைக்காட்சியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை உடை போட்ட ஒரு பெண் கடற்கரையில் ஓடிக்கொண்டே பாடினாள். சொர்ணம் வந்த காரியத்தை மறந்து, நின்றபடியே பார்த்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் சத்தத்தக் கொறைக்கலாமா?"

குறைத்தேன்.

"பாருங்க, இந்தப் புள்ள பாடல. வாயசைக்கா, அவ்வளவுதான். பாடுதவளா இருந்தா அந்த இடத்துல மூச்சு எடுத்திருக்கணும்லா? தோளு அசையவே இல்ல."

முகம் தெரியாத ஆயிரம் பேரின் குரலை நாள் முழுக்கக் காதில் வாங்கியவள் அவள். "பேசறதுக்கு முந்தி ஒரு மூச்சு விடுவாங்க அக்கா. அதுலயே தெரிஞ்சுபோகும், நல்ல சேதியா கெட்ட சேதியான்னு. மொகம் பொய் சொல்லும். மூச்சு சொல்லாது" என்றாள். அன்று ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் பாட்டுகளைப் பார்த்தோம். யார் உண்மையில் பாடுகிறார்கள், யார் பாவனை செய்கிறார்கள் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அங்கே சேர்ந்திசைக் குழுவில் ஆறு ஆண்டுகள் பாடியவள். எனக்கு இசை தெரியும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேரடிக் கச்சேரிக்கு அவள் என்னை முதலில் அழைத்துப்போனது வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு. மாலை வரவேற்பு. "தெரிஞ்ச வீடுதான், வாங்க" என்றாள். கணவர் இறந்த பிறகு நான் கல்யாண வீடுகளில் முன்னால் போய் உட்காருவதில்லை. அவள் கேட்கவில்லை. கையைப் பிடித்து முன்வரிசைக்கே இழுத்துப்போனாள். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்து இரண்டு காதிலும் வைத்துக்கொண்டாள். "இதென்ன?" என்றேன். "பஞ்சு வச்சா மேளம் அடங்கும், குரலு நிக்கும்" என்றாள். ஒவ்வொரு கச்சேரியிலும் அவள் காதில் அந்தப் பஞ்சு இருந்தது. ஒலிபெருக்கியின் மேல் பழி போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேளச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. பிடித்த பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது அங்கே வழக்கம். நானும் ஒரு சீட்டு எழுதினேன். 'தாளக் கருவிகளின் ஒலியைக் குறைக்கவும். பாடுகிறவர்களின் குரல் கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மேடையில் இருந்தவர் அதைப் படித்தாரோ இல்லையோ, கையெழுத்தையும் முன்வரிசையில் என் நரைத்த தலையையும் மட்டும் பார்த்து, "நம் குடும்பத்தின் மூத்தவர், மணமக்களை வாழ்த்த மேடைக்கு வருகிறார்!" என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து போகாமல் இருக்க முடியவில்லை. மணமக்களை வாழ்த்திவிட்டு இறங்கும்போது மணமகளின் தாயார் என்னைத் தடுத்து, "நீங்க மாப்பிள வீட்டுப் பக்கமாம்மா?" என்று கேட்டார். மணமகனின் தாயார், "நான் ஒங்க பக்கம்னு நெனச்சேன்" என்றார். நான் சொர்ணத்தைப் பார்த்தேன். எங்களை யாரும் அழைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சொர்ணம் அசரவில்லை. "நாங்க பொண்ணு வீடும் இல்ல, மாப்பிள வீடும் இல்ல. பாட்டு வீடு" என்றாள்.

இரண்டு சம்பந்திகளும் சிரித்துவிட்டார்கள். சாப்பிடாமல் விடவில்லை. அழைப்பில்லாத பந்தியில் நான் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அது ஒருமுறைதான். மறுநாள் மன்னிப்புக் கடிதம் எழுதி, ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழும் சேர்த்து அந்த வீட்டுக்கு அனுப்பினேன். சொர்ணத்தோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் நானே போய், அடுத்த கச்சேரி எங்கே என்று கேட்டேன்.

அந்த மண்டபத்தில்தான் எஸ்தரை அவள் கண்டுபிடித்தாள். எஸ்தர் அன்று கச்சேரி செய்த குழுவில் பின்பாட்டுப் பாடுகிறவள். மேடையின் ஓரத்தில் மஞ்சள் சேலையில் நின்றாள். "நடுவுல நிக்கவள விடுங்க அக்கா. ஓரத்துல மஞ்சச் சேலை நிக்காளே, அவ மூச்சக் கேளுங்க. அத்தன நீளத்துக்கு இழுக்கா, எங்க மூச்சு எடுத்தான்னே தெரியல" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, காலையில் என் வீட்டுக்குள் ஓடிவந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்கு நான் அவளைக் கண்டித்தேன். "டிவியப் போடுங்க அக்கா! நம்ம மஞ்சச் சேலை!" பாட்டுக்கென்றே இருக்கும் சானலில், பம்பாய்ப் பக்கத்து நடிகை ஒருத்தி மழையில் நனைந்து ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்காகப் பாடிய குரலுக்குப் பின்னால், சொற்களே இல்லாமல் ஒரு ஆலாபனை கேட்டது. அது எஸ்தர் என்றாள் சொர்ணம். வண்ணார்பேட்டைக் கல்யாணத்தில் பின்பாட்டுப் பாடுகிறவளுக்கு இங்கே என்ன வேலை என்று நான் வாதாடினேன். அதே பாட்டு ஒரு நாளைக்கு மூன்று முறை வந்தது. மூன்று முறையும் வாதாடினோம்.

பிறகு பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விழாவுக்கு அந்தக் குழு வந்தபோது, சொர்ணம் நேரே மேடைக்குப் பின்னால் போனாள். நானும் போனேன். எஸ்தர் சோடா குடித்துக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் குப்பியைக் கீழே வைத்தாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சிய? மெட்ராஸ்ல ரெண்டு நாள் போயிப் பாடுனேன். கேசட்ல பேரு போடல. எங்க வீட்டுக்காரரே, நீ பாடுனேன்னு சும்மா சொல்லுதேங்காவ."

"நான் நம்புதேன்" என்றாள் சொர்ணம். "அக்காவும் நம்புதாவ. இப்பத்தான்."

நான் தோற்றதை ஒப்புக்கொண்டேன். எஸ்தர் சிரித்தாள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி அந்தக் கடைசிக் கச்சேரி. பொருட்காட்சியில், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. எஸ்தர் முதன்முறையாக நடு மேடையில் நின்று தனியாகப் பாடப்போகிறாள் என்று அவளே வந்து அழைத்திருந்தாள். வழக்கம்போல் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு முன்வரிசை என் ஏற்பாடு. பின்னால் உட்காருவது நமக்கு மரியாதை இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். அது உண்மையான காரணம் அல்ல. என் வலது காது நான்கு ஆண்டுகளாகக் கேட்பதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மகனிடம்கூட. சொர்ணம் எப்போதும் என் வலப்பக்கமே உட்காருவாள். அவள் பேசினால் எனக்குக் கேட்காது. தலையை மட்டும் ஆட்டுவேன்.

அன்று எஸ்தர் பாடிக்கொண்டிருந்தபோது, சொர்ணம் என் முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னாள். தலையாட்டினேன். மறுபடியும் சொன்னாள். ஆட்டினேன். மூன்றாம் முறையும் அப்படியே. எட்டு மணிக்கு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். படியேறும்போது, "கொஞ்சம் அசதியா இருக்கு அக்கா" என்றாள். அதற்கு நான்காம் நாள் போய்விட்டாள்.

அவளுடைய தம்பி மருமகள்தான் பிறகு எனக்குச் சொன்னாள், சொர்ணம் மூன்று ஆண்டுகளாக நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிட்டு வந்ததை. ஒருவரிடமும் சொன்னதில்லை. அதைக் கேட்டது முதல் எனக்கு ஒரே நினைப்பு. முழங்கையைத் தொட்டு அவள் என்ன சொன்னாள்? 'நெஞ்சு அடைக்குது, வீட்டுக்குப் போவோம்' என்று சொல்லியிருந்தால்? மூன்று முறை கெஞ்சியிருந்தால்? நான் தலையாட்டிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனா? பதினாறாம் நாள் வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. தொலைக்காட்சியைத் துணி போட்டு மூடிவைத்தேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் செல்லையாவின் மனைவி பேச்சியம்மாள் வந்திருந்தாள். அன்று எங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அவளைத் தனியே அழைத்துப்போனேன். "பேச்சி, எனக்கு வலது காது கேட்காது. அன்னைக்கு அவ என்ன சொன்னான்னு உனக்குக் கேட்டுச்சா?" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

அவள் யோசிக்கவே இல்லை. "அதுவா பெரியம்மா? மொதத் தடவ, 'பிள்ளைக்குத் தொண்ட கட்டியிருக்கு, ஒருத்தருக்கும் தெரியாமச் சமாளிக்கா, பாத்தியளா'ன்னாவ. ரெண்டாந்தடவ, 'தபலாக்காரன் இவளுக்காவப் பைய வாசிக்கான், நல்ல மனுசன்'னாவ. மூணாவது..."

"சொல்லு."

"'அக்கா கொண்ட அவுந்து தொங்குது, சொன்னாக் கோவிப்பாவ'ன்னாவ. நீங்க அதுக்கும் தலைய ஆட்டுனிய."

துக்க வீடு என்பதையும் மறந்து நான் சிரித்தேன். பிறகு கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பேச்சியம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"என் காது விஷயம் அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? நானே ஒரு நா கேட்டுட்டேன். ஏம்மா, கேக்காத பக்கமாவே போயி உக்காருதியளே, அந்தப் பக்கம் உக்காந்தா என்னன்னு. 'போடி, அந்தப் பக்கம் உக்காந்தா அக்கா உஸ்ஸு உஸ்ஸுன்னு அடக்கிப்போடுவாவ. இங்கன உக்காந்தா நான் இஷ்டத்துக்குப் பேசலாம்'னாவ."

அது நியாயம்தான். பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது என்பது எனக்குப் பள்ளியில் அடித்துச் சொல்லப்பட்ட பாடம். முதல் இரண்டு கச்சேரிகளில் சொர்ணத்தை நான் அப்படித்தான் அடக்கினேன். மூன்றாவதில் அவள் இடம் மாறி உட்கார்ந்தாள். அதன் பிறகு நான்கு ஆண்டுகள், என் பக்கத்தில் ஓர் அருமையான ரசிகை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் கேட்டது துணை. அது அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அவள் வலியை நான் கேட்காமல் விடவில்லை என்று தெரிந்த அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் தொலைக்காட்சியின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். இப்போது பாட்டுக் காட்சி வந்தால் முதலில் சத்தத்தைக் குறைக்கிறேன். தோள் அசைகிறதா என்று பார்க்கிறேன். பத்துக்கு ஏழு சரியாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறேன். சரிபார்க்க ஆள் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேச்சியம்மாள் கேட்டது மூன்று பேச்சு. நான்கு ஆண்டுகளில் அவள் பேசியது எவ்வளவோ இருக்கும். உங்களில் சிலர் அந்தக் கச்சேரிகளில் எங்கள் அருகிலோ பின்னாலோ உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் பார்த்திருக்கிறேன். என்னைப் பற்றிய கேலியாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் காதில் விழுந்ததைத் தயவுசெய்து எனக்குக் கடிதமாக எழுதுங்கள். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். எனக்குச் சரியாகக் கேட்காது.