எலிகளின் வக்கீல்

“பேரைச் சொல்லுங்க. சொல்லிட்டு அப்புறம் கொல்லுங்க” என்கிறார் வக்கீலம்மா. எதிரே இருக்கும் வங்கி ஊழியர் விழிக்கிறார். பெரிய மிருகச் சீட்டு ஒன்றை இறக்க வேண்டுமானால் தம் பக்கத்துச் சின்னப் பிராணிச் சீட்டுகள் இரண்டைப் பலி கொடுக்க வேண்டும். இந்தச் சீட்டாட்டத்தின் விதி அது. கொடுக்கட்டும். ஆனால் மேஜைத் தூசியைத் தட்டுவதுபோலவா தள்ளிவிடுவது?

பட்டப்பெயர்தான் வக்கீல், தொழில் தையல். சனிக்கிழமை மாலைகளில் அளவு நாடா கழுத்தில் தொங்கவே இந்தச் சீட்டுகளை விற்று, ஆடவும் மேஜை போட்டிருக்கும் கடைக்கு வந்துவிடுவார். சின்னச் சீட்டுகளுக்கு மிச்ச வெல்வெட்டில் பை தைத்து வைத்திருக்கிறார். இருப்பதிலேயே பெரிய சீட்டான டிராகனுக்குப் பழைய பொத்தான் டப்பாதான். “மூணு சுத்து அடி வாங்கி நின்னது இதுங்க. கடைசில வந்து பேர் வாங்குறது அந்தத் தடியன்!”

வெளியூர்ப் போட்டிக்குக் கடை சார்பில் போகிறவர்கள் அவரும் அவருடைய நாத்தனாரும். நாத்தனாரின் ஆட்டம் சுமார்தான். ஆனால் கடைக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். போன வாரம் கடைக்காரர் ஒரு கெட்டிக்காரரைக் கூட்டிவந்தார்.

“அக்கா, உங்க நாத்தனாருக்குப் பதிலா இவரைப் போட்டுடலாம். ஜெயிக்கணும்ல?”

வக்கீலம்மாவுக்குக் காது சிவந்துவிட்டது. “ஆளுங்களையும் சீட்டுன்னு நெனச்சீங்களா? முதல்ல என்னை ஜெயிக்கச் சொல்லுங்க. ஜெயிச்சா அவ எடத்தை எடுத்துக்கட்டும். தோத்தா இந்தப் பேச்சே வரக் கூடாது!”

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் மேஜைமேல் அவருக்கு மிஞ்சியவை இரண்டே எலிகள். கையில் டிராகன். எலிகளைக் கொடுத்தால் வெற்றி. இல்லையென்றால் நாத்தனார் வெளியே.

“போடுங்க அண்ணி” என்றார் பின்னால் நின்ற நாத்தனார்.

“உன்னைக் காப்பாத்த இதுங்க சாகணுமா? எவன்டி இந்த விதியை எழுதினவன்?” பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். “வாய்க்கால் எலி. வைக்கோல் எலி.” டிராகன் இறங்கியது. கெட்டிக்காரர் சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டார்.

கடைக்காரர் கை தட்டினார். “டிராகன்னா டிராகன்தான் அக்கா!”

வக்கீலம்மா டிராகனைக் கவிழ்த்துப் போட்டார். பலியான எலிகள் இரண்டையும் எடுத்துக் கடைக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“பேரைச் சொல்லுங்க.”

கடைக்காரர் சிரித்துப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அவர் அதை எடுத்து மாட்டிக்கொள்ளும்வரை நீட்டிய கையை வக்கீலம்மா மடக்கவில்லை.