மிசின் பால்

பெனாசிருக்குப் பொறாமை என்று நான் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். வரட்டும். பக்கத்து வீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். அதற்கு வேறு நல்ல பேர் எனக்குத் தெரியவில்லை.

சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் போடுகிறவள் அவள். கை அவ்வளவு வேகம். சீசன் ஆர்டர் குவிந்து கிடந்தபோது எட்டாம் மாதத்திலேயே வலி வந்து பாசில் பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் போட்டுப் பால் ஏற்றினார்கள். குழாயை எடுத்த பிறகும் மாரில் வாய் வைத்து இழுக்கப் பிள்ளைக்கு வரவில்லை. இரண்டு தரம் சப்புவான், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவான். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் செய்து பார்த்து ஓய்ந்த பிறகு, வீட்டுக்காரன் முகம்மது ரியாஸ் பால் எடுக்கும் மிசின் ஒன்றை வாங்கி வந்தான். அன்றிலிருந்து பாசில் குடித்ததெல்லாம் தாய்ப்பால்தான். ஆனால் பாட்டிலில்.

பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மிசின் முனகிக்கொண்டே இருக்கும். எடுத்த பாலைப் பாக்கெட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, கிண்ணங்களைக் கழுவிக் கொதிக்கவைத்து வெளியே வருவதற்குள், மாமியார் பீவி ஜான் மடியில் பிள்ளை பாட்டிலைக் காலி செய்திருப்பான். பால் இவளுடையது, மடி இன்னொருத்தருடையது. ஒரே ஒரு தடவையாவது பிள்ளை தன் மாரில் குடிக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. அதை என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் அனீஸ் பாத்திமா விருதுநகரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். பிறந்தது பெண், ஹனா. மாரில் போட்டதுமே பிடித்துக்கொண்டாள் அந்தக் குட்டி. அனீஸ் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ஒரு கையில் போனை நோண்டிக்கொண்டே பால் கொடுப்பாள். பால் ஊறுவதற்கென்று செய்த பால்சுறா புட்டும் பூண்டுக் குழம்பும் முதலில் மகளுக்குப் போகும், மிச்சம் மருமகளுக்கு வரும். ஹனா மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டால் போதும், அடுக்களையில் பெனாசிர் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அந்த வீட்டில் அந்த மாதம் ஏகப்பட்ட சட்னி.

பிள்ளை பார்க்க வந்த பெண்கள் சும்மா போவார்களா. "பாசிலுக்குத் தாய்ப்பாலா, மிசின் பாலா?" என்று கேட்டார்கள்.

"மிசினுக்கு அதுவா சுரக்குமாக்கும்" என்று பெனாசிர் வெடுக்கென்று சொன்னாள். வந்தவர்கள் அனீஸ் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒருநாள் பாசில் பாட்டிலைத் தட்டிவிட்டு அழுதுகொண்டிருந்தான். அனீஸ் கையை நீட்டினாள்.

"மதினி, நான் ஒருக்க போட்டுப் பாக்கட்டா? எனக்குத்தான் அம்புட்டும் ஒழுகி வீணாப் போகுதே. பய இழுத்தாலும் இழுத்துருவான்."

நல்ல மனசோடுதான் கேட்டாள். பெனாசிருக்கு அதுதான் தாங்கவில்லை. பிள்ளையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள்.

"என்ன மாமி, ஹனா பாசிலுக்குத்தான்னு நீகதான சொல்லிக்கிட்டு இருக்கீக. அவ தாய்ப் பால இவன் குடிச்சா ரெண்டும் அண்ணன் தங்கச்சியாயிரும்ல. பொறவு நிக்காஹ் எப்படி முடிப்பீக?"

எங்கள் மார்க்கத்தில் அப்படித்தான். ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைக்கு அவள் தாய், அவள் பிள்ளைகள் கூடப் பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. பீவி ஜான் மகளைக் கையமர்த்தினாள். அனீஸ் தனக்குச் சம்பந்தி ஆவதை நினைத்தாலே தலை வலிக்கிறது என்று முந்தின வாரம்தான் பெனாசிர் என்னிடம் சொல்லியிருந்தாள். 

பிறகு அனீசுக்குப் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். மருந்து முடியும்வரை பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்தால் ஹனா அப்படியே கக்கினாள். அழுது அழுது குரல் கம்மிவிட்டது. ஃப்ரீசரிலோ பெனாசிரின் பால் அடுக்கி வைத்திருக்கிறது.

மாமனார் மீரான் மைதீன் பள்ளிவாசலில் ஹஜ்ரத்தைக் கேட்டுவிட்டு வந்தார். மாரில் குடித்தாலும் பாட்டிலில் குடித்தாலும் பால் உறவு பால் உறவுதான் என்றாராம்.

பீவி ஜானுக்குப் பேரன் பேத்தி கல்யாணத்தை விட மனசில்லை. "வேற பவுடர் ஏதும் வாங்கிக் குடுத்துப் பாப்பமே" என்று இழுத்தாள்.

"கல்யாணம் என்னைக்கோ மாமி. புள்ளைக்குப் பசி இப்பல்ல" என்று பெனாசிர் ஹனாவைத் தூக்கிக்கொண்டாள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஃப்ரீசர் பாலை உருக்க நான்தான் வெந்நீர் கொண்டுபோனேன். பின்கட்டுக் கதவைத் தள்ளினால், ஃப்ரீசரிலிருந்து அவள் ஒன்றையும் எடுக்கவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து ஹனாவை மாரோடு சேர்த்திருந்தாள். குட்டி தலையை ஆட்டித் தேடினாள், லபக்கென்று பிடித்துக்கொண்டாள். பெனாசிர் பல்லைக் கடித்தாள், பிறகு சிரித்தாள், பிறகு கண்ணீர் கொட்டியது.

"பாக்குறாக்கா" என்றாள் என்னிடம். "குடிச்சுக்கிட்டே என்னயப் பாக்குறா."

பாசில் பக்கத்துப் பாயில் கிடந்து முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

அழுகை நின்றதைக் கேட்டு அனீஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். 

"பாட்டில்ல குடுத்துருக்கலாம்ல மதினி. அதான் ஃப்ரீசர் நெறையா இருக்கே."

"எதுல குடுத்தா என்ன அனீசு. இனிமே இவ எனக்கும் மகதான். ஹஜ்ரத்தே சொல்லிட்டாக." தேன் ஒழுகச் சொன்னாள் பாவி மகள். அப்போது அனீஸ் முகம் போன போக்கை நான் பார்த்தேன். சட்னி அரைத்த மாதமெல்லாம் பெனாசிர் வைத்திருந்த முகம் அது.

நாத்தனார் பிள்ளைக்குப் பால் கொடுத்த மகராசி என்று தெருவே அவளைப் புகழ்ந்தது. அனீசுக்கு மருந்து முடியும்வரை ஹனா பெனாசிர் மாரிலேயே குடித்தாள். ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் பாசிலுக்குப் போனது.

"நம்ம புள்ளைக்கு ஐஸ் பாலு, அவளுக்குச் சூடாவா?" என்று ரியாஸ் கேட்டான்.

பெனாசிர் ஹனாவை அடுத்த மாருக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கே அவள்மேல் ஆத்திரமாக வந்தது.

அனீஸ் தேறினாள். தாயிடம் கொடுத்ததும் ஹனா எதுவுமே நடக்காதது மாதிரி அவள் மாரில் ஒட்டிக்கொண்டாள். பெனாசிருக்காக ஒரு பொழுதுகூட ஏங்கவில்லை. அன்றைக்குப் பாசிலை எடுத்து மறுபடியும் மாரில் போட்டுப் பார்த்தாள் பெனாசிர். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டான். மிசின் மறுபடியும் முனக ஆரம்பித்தது.

மாப்பிள்ளை கார் கொண்டுவந்து அனீசை விருதுநகருக்குக் கூட்டிப்போன அன்று நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். அனீஸ் பின்சீட்டில் உட்கார்ந்து ஹனாவின் கையைப் பிடித்து ஆட்டினாள்.

"மாமிக்கு டாட்டா சொல்லு."

"மாமி இல்ல அனீசு, அம்மா" என்றாள் பெனாசிர்.

அனீசுக்குக் காது கேட்கவில்லை போலிருந்தது. கார் கிளம்புகிற சத்தத்தில் ஹனா மிரண்டு அழுதாள். அந்த அழுகைக்குப் பெனாசிரின் நைட்டி முன்பக்கம் இரண்டு இடத்தில் பால் ஊறிப் பரவியது. துப்பட்டாவை இழுத்து மூடுவதற்குள் அனீஸ் பார்த்துவிட்டாள். பார்த்துக்கொண்டே கார்க் கண்ணாடியை மேலே ஏற்றினாள்.