தவளைச் சத்தத்துக்கு அனுமதி

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பெயர் பிளான் சார். யார் எதை ஆராய்ந்தாலும், சேருகிற தரவை எங்கே வைப்பது, எத்தனை பிரதி எடுப்பது, யார் கேட்டால் கொடுப்பது என்று திட்டம் எழுதித் தருவது அவர் வேலை. எழுதியதை ஒருத்தரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது அவருடைய தீராத வயிற்றெரிச்சல். வீட்டிலும் திட்டம்தான். வாசல் சாவிக்கும் மூன்று பிரதி எடுத்து மூன்று சொந்தக்காரர் வீட்டில் வைத்தார். மனைவி பஸ் பிடித்துத் தம்பி வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி வந்துதான் தன் வீட்டைத் திறந்தாள்.

ஒருநாள், தவளைச் சத்தம் பதிவு செய்கிற ஆராய்ச்சியாளர் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். அவருடைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது.

"சார், பதிவெல்லாம் போச்சு. உங்க பீரோவுல இருக்கற பிரதியைக் குடுங்க."

"தாராளமா. ஆராய்ச்சியாளரோட அனுமதி வேணுமே?"

"நான்தானே சார் ஆராய்ச்சியாளர்!"

"இப்ப நீங்க கேக்கறவங்க. திட்டத்துல ரெண்டும் வேற வேற ஆள்."

அந்த அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. தனக்குத்தானே ஒரு விண்ணப்பம் எழுதினார். மேசையைச் சுற்றிவந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆராய்ச்சியாளராக அதை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடுமுன், பிளான் சார் நீட்டிய திட்டத்தை வரி விடாமல் படித்தார். பேனா நின்றது.

"கேக்கறவங்க பத்திரமா வெச்சுக்குவாங்களான்னு பாத்துட்டுத்தான் குடுக்கணும்னு போட்டிருக்கே?"

"ஆமாம்மா."

"இவங்க ஏற்கெனவே ஒரு தடவை தொலைச்சவங்க சார். குடுக்காதீங்க."

பிளான் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பீரோ பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, தன் திட்டத்தை முழுசாகப் படித்த முதல் ஆளுக்கு எழுந்து நின்று வணக்கம் போட்டார்.